செக்குபந்தி சொல்லும் ஊர்

நிலப் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கிரயத் தொகையைப் பார்ப்பார்கள். நான் செக்குபந்தியைப் பார்ப்பேன். விற்கிற நிலத்துக்கு வடக்கே யார் வயல், கிழக்கே எந்த வாய்க்கால், தெற்கே யார் வீட்டுக் கொல்லை என்று சொல்லும் நாலைந்து வரிகள் அவை. விற்பவரும் வாங்குபவரும் பேரம் படிந்ததால் பத்திரத்துக்குள் வருகிறார்கள். எல்லைக்காரர்களோ அன்றைக்கு அங்கே நிலம் வைத்திருந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வந்து உட்காருகிறவர்கள். ஒரே நிலத்தின் மூலப்பத்திரத்தையும் அதற்குப் பின்வந்த பத்திரங்களையும் வரிசையாக விரித்து, எல்லைப் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். ஊரில் யார் இருந்தார்கள், யார் கிளம்பிப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

பத்திரம் எழுதுவதுதான் எங்கள் குடும்பத் தொழில். அப்பா மை தொட்டு எழுதினார். நான் டைப்ரைட்டரில் தொடங்கிக் கம்ப்யூட்டரில் முடித்தேன். திருவாரூருக்குத் தெற்கே அரிச்சந்திரா நதிப் பாசனத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் பத்திரங்கள் இரண்டு தலைமுறையாக எங்கள் கைகளின் வழியே போயிருக்கின்றன. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நம்பிக் கொடுத்த பத்திரத்தில் படித்ததை அடையாளம் காட்டிச் சொல்வது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. கீழத்தஞ்சையில் பிறந்தவர்கள் இதைத் தங்கள் ஊரின் கதையாகவே படித்துக்கொள்ளலாம்.

இங்கே நிலத்தின் கணக்கு வேலி, மா, குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் அளந்த வேலியும் மாவும் எங்கள் பக்கத்துப் பேச்சில் இன்னும் இருக்கின்றன. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வந்த பிறகும், மேஜைக்கு எதிரே உட்காருகிறவர் "அஞ்சு மா குடுக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அப்பா பாதுகாத்து வைத்திருந்த பழைய நகல்களில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், ஜாதி, தொழில் எல்லாம் எழுதியிருக்கும். தொழில் என்ற இடத்தில் "மிராசு" என்றோ "சுகஜீவனம்" என்றோ இருக்கும். நிலம் விளைவித்துக் கொடுப்பதில் வாழ்கிறவர் என்று அதற்கு அர்த்தம். அந்தக் காலத்துச் செக்குபந்திகளில் அக்ரகாரத்துப் பெயர்களும், பிள்ளைமார், நாயுடு பெயர்களும், கோயில் தேவஸ்தானமும், மடமும் மாறி மாறி வரும். திருவாரூர் தியாகராஜர் கோயில் நிலத்துக்கும் ஆதீனங்களின் நிலத்துக்கும் எல்லையாக இல்லாத கிராமம் இந்தச் சுற்றில் அபூர்வம். வேலி வேலியாக ஒரே பெயர் நாலு பக்கமும் வந்தால் அது பண்ணை நிலம். வடபாதிமங்கலம், குன்னியூர், வலிவலம், நெடும்பலம் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்தே பண்ணைகள் அறியப்பட்டிருந்த பகுதி இது.

இத்தனை பெயர்களிலும் அந்த நிலத்தில் இறங்கி நாற்றுப் பறித்தவர்களின் பெயர் ஒன்றுகூட இருக்காது. அவர்கள் பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித் மக்கள். குடிசை போட்டிருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையதாக இருந்ததால், எல்லையில் எழுதக்கூட அவர்களுக்கென்று அடி மண் கிடையாது. "சேரிக்குத் தெற்கு" என்று ஒரு வரி வரும். நூறு குடும்பம் வாழ்ந்த இடம் ஒரே ஒரு பொதுச் சொல்லாகப் பத்திரத்தில் நிற்கும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. தப்பித் தவறி ஒரு ஏழை இரண்டு குழி வாங்கியிருந்தாலும், பதிவுச் செலவுக்குப் பயந்து 99 ரூபாய் என்று வெறும் பத்திரமாக எழுதி முடித்திருப்பார்கள். சார்பதிவாளர் புத்தகங்களில் அந்த வாங்குதல் ஏறாது.

நிலம் முதலில் நகரத் தொடங்கியது அக்ரகாரத்திலிருந்து. படிப்பும் அரசு உத்தியோகமும் பையன்களைக் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் கூட்டிக்கொண்டு போயின. நிலம் குத்தகைக்கு விடப்பட்டு, நெல் மூட்டை பணமாக மாறி மணியார்டரில் போயிற்று. 1930களில் உலகம் முழுக்க வந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது அடமானமும் ஒத்தியும் பெருகின. வட்டி அசலைத் தாண்டிய கடன்களுக்காக 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் கைமாறிப் போன நிலங்கள் நிறைய. ஒத்திப் பத்திரத்தில் நிலத்தைப் பிடித்தவர் பத்து வருஷம் கழித்துக் கிரயப் பத்திரத்தில் சொந்தக்காரராக வருவதை அப்பா காலத்து நகல்களில் பார்க்கலாம்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்திருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற வழி. ரஜூலா கப்பலின் பெயர் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொந்தக்காரர் பெயர் மாதிரி. கூத்தாநல்லூர் வணிகக் குடும்பங்களுக்கு அந்தக் கடல்வழி செல்வத்தைக் கொண்டுவந்தது, அதில் ஒரு பகுதி நிலமாகவும் வீடாகவும் இங்கே இறங்கியது. பண்ணையிலிருந்து தப்பிப் போன கூலிக்கு அது உயிர் பிழைக்கும் வழியாக மட்டும் இருந்தது. அவர் திரும்பி வந்து ஒரு மா வாங்க ஆசைப்பட்டாலும், அவருக்கு எழுதிக் கொடுக்கத் துணியும் மிராசுதார் கிடைக்க வேண்டும்.

1943க்குப் பிறகு இந்த மண்ணில் விவசாயிகள் சங்கம் வேர்விட்டது. சங்கத் தலைவர்கள் பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் நடந்த ஊர்கள் இவை. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக ஆரம்பித்த போராட்டம் கூலிக்கும் சாகுபடி உரிமைக்கும் விரிந்தது. அதன் அழுத்தத்தில் 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது அந்தச் சட்டம். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவரைத்தான் அது கட்டுப்படுத்தியது. 1955இல் சாகுபடியாளர்களை வெளியேற்றத் தடை வந்தது. 1956இல் நியாய வாரச் சட்டம் நஞ்சைக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டு, நிலக்காரருக்கு 40, சாகுபடிக்காரருக்கு 60 என்றாக்கியது. பின்னாளில் நிலக்காரர் பங்கு 25 ஆகக் குறைந்தது.

நில வியாபாரத்தில் இது என்ன செய்தது என்பதைப் பத்திர எழுத்தர் மேஜையிலிருந்து சொல்கிறேன். ஒரே வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு இரண்டு விலை உண்டாயிற்று. சொந்தச் சாகுபடியில் இருக்கும் நிலத்துக்கு முழு விலை. குத்தகைக்காரர் இருக்கும் நிலத்தை வெளியார் யாரும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் சட்டப்படி அவரை எழுப்ப முடியாது. அதனால் அந்த நிலத்துக்கு இயல்பாக வாங்குபவர் அதை உழுதுகொண்டிருந்தவரே. சென்னையில் இருக்கும் நிலக்காரர் நிலத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்காரருக்கு விட்டுக் கொடுத்து மீதியைக் காலியாக மீட்டுக்கொள்வார், இல்லையென்றால் குறைந்த விலைக்கு அவருக்கே எழுதிக் கொடுப்பார். "ஏற்கெனவே தங்கள் சாகுபடியிலும் சுவாதீனத்திலும் இருந்துவருகிற" என்ற வாசகத்தை நான் எத்தனையோ பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சங்கக் கொடியும், நீதிமன்றப் படியேறிய நாட்களும், பேசித் தீர்த்த பஞ்சாயத்தும் இருந்தன. குடியானத் தெருப் பெயர்கள் செக்குபந்திக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அடுத்தது உச்சவரம்பு. 1961ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டி, 1960 ஏப்ரல் 6ஐக் கணக்குத் தேதியாக வைத்தது. 1970இல் வரம்பு 15 தர ஏக்கரானது. சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோதே பாகப்பிரிவினையும் தான செட்டில்மெண்டும் பதிவு அலுவலகங்களில் குவிந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால்குடி மறக்காத பிள்ளைக்கும், தூரத்து உறவுக்கும், தர்ம டிரஸ்டுக்கும் நிலம் பிரிந்தது. பத்திரத்தில் பண்ணை உடைந்தது, வயலில் அதே களம், அதே கணக்குப்பிள்ளை. உபரியென்று எடுக்கப்பட்டுக் கூலிக்காரர் கைக்கு வந்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். அதன் பின் விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டத்தைத்தான் இந்த ஊர் வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் என்று நான் கருதுகிறேன். விவசாயத் தொழிலாளியும் கைவினைஞரும் தாங்கள் குடியிருந்த மனைக்கட்டுக்குத் தாங்களே சொந்தக்காரர் ஆனார்கள். கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடு என்று சொல்லும் அதிகாரம் அந்தச் சட்டத்தோடு போயிற்று.

அதற்குப் பிந்திய பத்திரங்களில் "சேரிக்குத் தெற்கு" என்ற வரி மெல்ல மறைகிறது. தலித் குடும்பத் தலைவர்களின் பெயர்கள், தகப்பனார் பெயரோடு, எல்லைக்காரர்களாக எழுதப்படுகின்றன. ஒரு நாள் கீழத்தெருவிலிருந்து வயதான அம்மா ஒருத்தி வந்து, தன் கொல்லைக்குப் பக்கத்து மனையை யாரோ கிரயம் வாங்கியிருப்பதாகவும், அந்தப் பத்திரத்தை நான்தான் எழுதினேன் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னாள். "அதுல எம் பேரு வருதுங்களா அய்யா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "எங்க வூட்டுக்காரரு பேரு மட்டுமா, எம் பேருமா?" என்று மறுபடியும் கேட்டாள். பட்டா அவள் பெயரில் இருந்தது, அதனால் அவள் பெயர்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். அவள் கேட்டதில் இருந்த நியாயத்தை அதன் பிறகு எந்தப் பத்திரம் எழுதும்போதும் நான் மறந்ததில்லை. எல்லைக்காரர் பெயரை விசாரிக்காமல் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கி வைக்கும் பழக்கம் தொழிலில் உண்டு. நான் அப்படிச் செய்வதை விட்டேன்.

வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி விலைக்கு நிலம் வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்து, பெண்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கடன் வாங்கிக் கிரயம் செய்த நிலம் அது, அறுவடையில் அடைக்க வேண்டிய கடன். கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் நடவுக்குப் போகும் பெண்களின் பெயர் வரிசையாக வருவதும், இடதுகைப் பெருவிரல் ரேகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவதும் எங்கள் தொழிலில் அதுவரை பார்க்காத காட்சி.

அதே நேரத்தில் அரசு ஆவணங்களும் மாறிக்கொண்டிருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. யார் நிலம் எது என்ற அறிவு ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள்ளிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போனது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அனுபவத்தில் உள்ளவர் பெயர் ஏறியது பலருக்கு நல்லதாக முடிந்தது, சிலருக்கு உட்பிரிவு எண் மாறிப்போய் இன்றுவரை வழக்காக நிற்கிறது.

பெண்களின் கதை தனி. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005இல் அது நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் விரிந்தது. சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் மேஜையில் பெருகியது விடுதலைப் பத்திரம். சகோதரிகள் வரிசையாக வந்து, பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயம் அந்தக் கையெழுத்தில் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கப் படித்துக் காட்டாமல் ஒரு பெண்ணிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. படித்துக் கேட்டபின் எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள், பங்கோடு திரும்பி வந்து பாகப்பிரிவினை எழுதியவர்களும் இருக்கிறார்கள். பாகப்பிரிவினைப் பத்திரங்களே ஒரு மக்கள்தொகைக் கணக்குதான். அப்பா எழுதியவற்றில் எட்டு, ஒன்பது பங்காளிகள் வருவார்கள். நான் கடைசியாக எழுதியவற்றில் இரண்டு பேர், அதிலும் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பவர் பத்திரத்தின் பேரில்.

சென்சஸ் கணக்கும் இதையே சொல்கிறது. 2001இலிருந்து 2011 வரை தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. திருவாரூர் மாவட்டத்தில் கூடியது ஏறத்தாழ 8 சதவீதம். 2011இல் இங்கே 1,000 ஆண்களுக்கு 1,017 பெண்கள். மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். மாநிலத்தில் 20 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதி மக்கள் இங்கே 34 சதவீதம். ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட மாவட்டம் இது. அக்ரகாரத்தில் பூட்டிய வீடுகள். குடியானத் தெருவில் முதியவர்கள். வயலுக்கு அருகில் குறைந்த நிலத்தோடு மிச்சமிருப்பவர்களில் பெரும்பங்கு ஒருகாலத்தில் செக்குபந்தியில் பெயரே இல்லாதவர்களின் பிள்ளைகள்.

வேலைக்குப் போனவர்கள் ஆசைக்காக மட்டும் போகவில்லை. தண்ணீரும் அனுப்பி வைத்தது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால்தான் எங்களுக்குக் குறுவைச் சாகுபடி. 2012 முதல் எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி தவறியது, 2020இல்தான் திரும்பி வந்தது. மேற்கே போர்வெல் போட்டுச் சமாளித்தார்கள். கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உவர். அதனால் ஒரே அளவு, ஒரே மண் என்றாலும் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பிய வயலுக்கு விலை ஏறவில்லை. 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைக்காரர்கள் வந்து மொத்தமாக நிலம் கேட்டபோது பலர் விற்றார்கள். பக்கத்து வயலும் குடிநீரும் உப்பேறின. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உவரான மண் தீர்ப்பினால் உடனே நன்செய் ஆகிவிடவில்லை.

1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது, 2009இல் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. சாலையோர வயல்களுக்கு மா கணக்கு போய் சதுர அடிக் கணக்கு வந்தது. கொடிக்கம்பம் நட்டு, வெள்ளைக் கல் பதித்து மனை போட்டார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எங்கள் மேஜைகள் காலியாகக் கிடந்தன. மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்ததும் மறுபடி நிறைந்தன. 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்ற புதிய திட்டங்களைத் தடுக்கும் சட்டம் அது. வீட்டுமனைப் பிரிவு அதன் தடைப் பட்டியலில் இல்லை.

இத்தனை பத்திரங்களையும் எழுதிய பின் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. நிலச் சந்தை தானாக இந்த ஊரில் கூலிக்காரருக்கு ஒரு குழி நிலமும் கொடுத்ததில்லை. அக்ரகாரத்தார் வெளியேறியபோது குத்தகைக்காரருக்கு நிலம் வந்ததென்றால், இடையில் 1955ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. மனைக்கட்டு வந்ததென்றால் 1971ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு முன் போன 44 உயிர்களும் இருந்தன. வயல் வந்ததென்றால் யாரோ உண்ணாவிரதமிருந்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். போராடி வாங்கிய இந்த நிலங்களை, இரண்டு சாகுபடி தவறியதும் அட்வான்ஸ் பணத்தோடு வந்து நிற்கும் புரோக்கர் ஒரே வாரத்தில் எடுத்துவிடுகிறார். விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணின் கல்யாணத்துக்கும் பையனின் விமான டிக்கெட்டுக்கும் வேறு வழி அவரிடம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நன்செய்யை மனையாக்கும் எந்தப் பிரிவும் பதிவுக்கு வருமுன் கிராம சபையில் சர்வே எண்ணோடு படிக்கப்பட வேண்டும். குடியிருப்புச் சட்டத்திலும் நிலப் பங்கீட்டிலும் கிடைத்த நிலத்தை அவசரத்துக்கு விற்க வருகிறவருக்குக் கூட்டுறவுச் சங்கம் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து நிலத்தை அவர் பெயரிலேயே காப்பாற்ற வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் மகளுக்கு, அவள் விட்டுக் கொடுக்கும் பங்கின் வழிகாட்டி மதிப்பைச் சார்பதிவாளரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை. கீழத்தஞ்சையில் யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்குத்தான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எண்பது வருஷப் போராட்டத்தில் கிடைத்தது. அதை ஒரு மழை பொய்த்த வருஷத்தில் விட்டுவிடக் கூடாது.